முன்னால் ஒன்றுமே இல்லை, பிறகு ஏன் நின்றோம்?

பொங்கல் விடுமுறை முடிகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மதுரை மாட்டுத்தாவணியை விட்டு ஒத்தக்கடை, மேலூர் வழியாகத் திருச்சி போகும் நாலுவழிச் சாலை. வண்டிகள் நெருக்கமாகத்தான் இருக்கின்றன, ஆனாலும் 70, 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகின்றன. திடீரென்று முன்னால் வரிசையாகப் பிரேக் விளக்குகள் சிவக்கின்றன. பஸ் குலுங்கி நிற்கிறது. கொஞ்சம் ஊர்ந்து மறுபடி நிற்கிறது. உள்ளே பேச்சு ஆரம்பமாகிவிடும். "ஆக்சிடென்ட்டா இருக்கும்." "மந்திரி கார் வருதாம்." "லாரி பஞ்சராகி நிக்கிது."

பத்து நிமிடம் கழித்து வழி திறக்கிறது. எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்க்கிறார்கள். உடைந்த கண்ணாடி இல்லை, போலீஸ் இல்லை, லாரியும் இல்லை. "அதுக்குள்ள எடுத்துட்டாங்க போல" என்று யாராவது ஒருவர் வழக்கை முடித்துவைப்பார்.

எடுப்பதற்கு அங்கே எதுவும் இருந்திருக்காது. சாலைப் போக்குவரத்தை ஆராய்கிறவர்கள் இதைப் 'பேய் ஜாம்' என்கிறார்கள். பெயர்தான் பேய்; நடப்பதெல்லாம் சுத்தமான இயற்பியல். இதே கருத்துதான் விண்மீன் மண்டலங்களின் சுருள் கைகளை விளக்கவும் உதவியது. இணையம் ஒருமுறை படுத்துக்கொண்டதற்கும் இதற்கும் உறவு உண்டு. நம் ஊரில் 'டிராஃபிக் ஜாம்' என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் போட்டுக் குழப்புகிறோம்; அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

தூணைச் சுற்றி ஓடும் தண்ணீர்

வைகையில் தண்ணீர் போகும் நாளில் ஏ.வி. பாலத்தில் நின்று கீழே பாருங்கள். தூண்களைச் சுற்றித் தண்ணீர் ஒரு மேடு கட்டி நிற்கும். அந்த மேடு அங்கேயே இருக்கிறது. ஆனால் அதிலுள்ள தண்ணீர் ஒரு நொடிகூட அங்கே இருப்பதில்லை. வருகிறது, மேட்டில் ஏறுகிறது, இறங்கிப் போகிறது. மேடு என்பது ஒரு பொருள் அல்ல, தண்ணீர் எடுத்துக்கொள்ளும் ஒரு வடிவம். இப்படிப் பொருள் வந்துபோனாலும் தான் நிலைத்து நிற்கும் வடிவத்துக்கு அலை என்று பெயர்.

இப்போது ரேஷன் கடை வரிசைக்கு வாருங்கள். முதல் ஆள் அரிசி வாங்கிக்கொண்டு போகிறார். அவர் நின்ற இடம் காலி. இரண்டாவது ஆள் ஓரடி முன்னே வைக்கிறார். காலி இடம் அவருக்குப் பின்னால் வந்துவிடுகிறது. மூன்றாமவர் நகர்கிறார், காலி இடம் இன்னும் பின்னே. ஆட்கள் முன்னோக்கி நகர, காலி இடம் பின்னோக்கி ஓடிக் கடைசி ஆள் வரை போகிறது. எதிர்த் திசையில் போகும் இந்த 'காலி இடம்' மனதில் பதிந்துவிட்டால் பாதிக் கட்டுரை முடிந்தது.

சிக்னலில் நடப்பதும் இதுவே. நிற்கும் ஒரு காருக்கு அதன் நீளமும் முன்னே விட்ட இடைவெளியும் சேர்த்து ஏறத்தாழ 7 மீட்டர் வேண்டும். பச்சை விழுந்ததும் முன் கார் கிளம்பி ஒன்றரை நொடி கழித்துத்தான் பின் கார் கிளம்பும். ஆகவே 'கிளம்பு' என்கிற செய்தி ஒன்றரை நொடிக்கு 7 மீட்டர் வீதம் பின்னோக்கிப் போகிறது. மணிக்கு ஏறத்தாழ 17 கிலோமீட்டர். வரிசையில் இருபதாவது காருக்கு அந்தச் செய்தி வந்துசேர அரை நிமிடம் ஆகிவிடும். அதுவரை அவர் ஹாரன் அடிப்பதால் செய்தி ஒரு மீட்டர்கூட வேகமாக வராது.

சுருக்கம்: ஜாம் என்பது நிற்கிற வண்டிகளின் கூட்டம் அல்ல. வண்டிகள் பின்னால் வந்து சேர்ந்து, முன்னால் கழன்று போகின்றன. நடுவில் வடிவம் மட்டும் மிஞ்சுகிறது.

எல்லா ஜாமும் பேய் ஜாம் அல்ல

கோரிப்பாளையத்திலோ சிம்மக்கல்லிலோ காலை ஒன்பது மணிக்கு நிற்பது வேறு விஷயம். அங்கே காரணம் கண்ணுக்குத் தெரியும்: சிக்னல், நடுரோட்டில் ஆள் ஏற்றும் ஷேர் ஆட்டோ, கடை முன்னால் நிறுத்திய சரக்கு வண்டி, இரண்டு சாலை ஒன்றாகும் இடம். கப்பலூர் டோல்கேட்டும் இந்த வகைதான். நாலு வண்டி போகிற அகலத்தில் இரண்டுதான் போக முடியும் என்றால் மீதி நின்றுதான் ஆக வேண்டும். புனலில் எண்ணெய் ஊற்றுவது போல. இந்த வகையைக் கழுத்து நெரிசல் என்று வைத்துக்கொள்வோம். இதன் முனை, அதாவது வண்டிகள் கழன்று போகும் முன்பக்கம், ஓரிடத்திலேயே இருக்கும். நாளைக்கு வந்தாலும் அதே இடம்தான்.

பேய் ஜாமின் முனை ஓரிடத்தில் நிற்காது. வண்டிகள் வரும் திசைக்கு எதிராக, மணிக்கு 15 முதல் 20 கிலோமீட்டர் வேகத்தில் பின்னோக்கி ஊர்ந்துகொண்டே இருக்கும். இதுதான் நெரிசல் அலை. நீங்கள் மேலூர் அருகே அதில் மாட்டும்போது, அதற்குக் காரணமான பிரேக் அரை மணி நேரத்துக்கு முன்பு எட்டுப் பத்து கிலோமீட்டர் தள்ளி யாரோ போட்டதாக இருக்கலாம். அந்த ஆள் இந்நேரம் கொட்டாம்பட்டியைத் தாண்டி டீ குடித்துக்கொண்டிருப்பார். அவருக்கு எதுவும் தெரியாது.

ஒரு தொடுதல் எப்படி நிறுத்தமாகிறது

இங்கே கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும்; மொத்த ரகசியமும் இதில்தான் இருக்கிறது.

ஒரே தடத்தில் கார்கள் மணிக்கு 60 கிலோமீட்டரில் போகின்றன. அதாவது நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர். இரண்டு கார்களுக்கு நடுவே 12 மீட்டர் இடைவெளி. முதல் கார்க்காரர் ஒரு பள்ளத்தைப் பார்த்து 50-க்குக் குறைக்கிறார். அவ்வளவுதான் செய்தார்.

இரண்டாவது ஆள் சிவப்பு விளக்கைக் கண்டு, புரிந்து, காலை எடுத்துப் பிரேக்கில் வைக்க ஏறத்தாழ ஒரு நொடி ஆகும். இது எதிர்வினை நேரம். அந்த ஒரு நொடியும் அவர் 60-லேயே போகிறார். வேக வித்தியாசம் மணிக்கு 10 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 2.8 மீட்டர். 12 மீட்டர் இடைவெளி 9 மீட்டராகிவிட்டது. இப்போது அவரும் 50-க்கு வந்தால் மோதல் நடக்காதுதான். ஆனால் இடைவெளி 9-லேயே நிற்கும்; மனசு ஒப்பாது. இழந்த 3 மீட்டரைத் திரும்பப் பெற வேண்டுமானால் முன் காரைவிட மெதுவாகப் போக வேண்டும். 44-க்கு இறங்குகிறார் என்று வையுங்கள். மூன்றாவது ஆளுக்கு இப்போது வித்தியாசம் 10 அல்ல, 16. அவர் இன்னும் கீழே, 35-க்குப் போகிறார். இப்படியே போனால் எட்டாவது பத்தாவது கார் முழுதாக நின்றுவிடும். முதல் ஆள் இதற்குள் பள்ளத்தைத் தாண்டி மறுபடி 60-ஐத் தொட்டிருப்பார்.

இதே கணக்கை 33 மீட்டர் இடைவெளியோடு போடுங்கள். ஒரு நொடித் தாமதத்தில் 33 என்பது 30 ஆகிறது. பயப்பட ஒன்றுமில்லை. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே போதும்; வண்டி 54, 55-க்கு மெல்ல இறங்குவதற்குள் முன்னவர் மறுபடி வேகம் பிடித்துவிடுகிறார். மூன்றாவது ஆள் 57. நாலாவது ஆளுக்கு எதுவுமே தெரியாது. ஒரே பள்ளம், ஒரே பிரேக். முதல் கதையில் அதிர்ச்சி கைமாறும்போதெல்லாம் பெருத்தது, இரண்டாவதில் இளைத்துப்போனது.

ஆகவே குற்றவாளி பிரேக் போட்ட முதல் ஆள் அல்ல. மனிதன் ஓட்டினால் சின்னச் சின்ன அசைவுகள் வரத்தான் செய்யும். அந்த அசைவைப் பெருக்கும் நிலையில் வரிசை இருந்ததா, விழுங்கும் நிலையில் இருந்ததா என்பதுதான் கேள்வி.

ஜப்பானில் 22 கார்கள்

இதெல்லாம் காகிதக் கணக்கு, உண்மையில் சாலையில் வேறு ஏதாவது காரணம் இருக்கும் என்று பல காலம் வாதம் இருந்தது. நகோயா பல்கலைக்கழகத்தின் யூகி சுகியாமாவும் அவரோடு இருந்தவர்களும் ஒரு சோதனை செய்து 2008-ல் வெளியிட்டார்கள். சமதரையில் 230 மீட்டர் சுற்றளவுள்ள ஒரு வட்டப் பாதை. அதில் 22 கார்கள். ஓட்டுநர்களுக்கு ஒரே உத்தரவு: மணிக்கு 30 கிலோமீட்டரில் ஒரே சீராகச் சுற்றுங்கள். சிக்னல் இல்லை, பள்ளம் இல்லை, குறுக்கே வரும் ஆடு இல்லை, தடம் மாறுகிற ஆளும் இல்லை.

முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் சுற்றின. கொஞ்ச நேரத்தில் வேகங்கள் ஏறி இறங்கத் தொடங்கின. பிறகு ஓரிடத்தில் சில கார்கள் முழுதாக நின்றன. அந்த நிறுத்தம் வட்டத்தில் பின்னோக்கி மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் சுற்றிவந்தது. நெடுஞ்சாலைகளில் அளந்த நெரிசல் அலைகளின் வேகமும் அதை ஒட்டித்தான் இருக்கிறது.

ஏன் என்று கணக்கே சொல்லும். 230-ஐ 22-ஆல் வகுத்தால் ஒரு காருக்குப் பத்தரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. காரின் நீளம் நாலரை மீட்டர் போனால் இடைவெளி 6 மீட்டர். 30 கிலோமீட்டர் வேகத்தில் 6 மீட்டரைக் கடக்க 0.7 நொடி போதும். மனிதனின் எதிர்வினை நேரத்துக்கும் குறைவு! நல்ல ஓட்டுநர், கெட்ட ஓட்டுநர் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

பல்லாங்குழியில் ஒரு நெடுஞ்சாலை

வீட்டில் பல்லாங்குழி இருந்தால் இதைக் கையால் செய்து பார்க்கலாம். 14 குழி, ஒரு வட்டச் சாலை. வரிசையாக 1 முதல் 14 வரை எண்ணிக்கொள்ளுங்கள். 14-க்கு அடுத்தது மறுபடி 1. ஒரு குழியில் ஒரு புளியங்கொட்டைதான் இருக்கலாம். அதுதான் வண்டி. விதி ஒன்றே ஒன்று: அடுத்த குழி காலியாக இருந்தால் ஒரு குழி முன்னே போ, இல்லாவிட்டால் நில். எல்லாக் கொட்டைகளும் ஒரே நேரத்தில் நகர வேண்டும். கை ஒன்றுதான் என்பதால், யார் யாருக்கு முன்னால் காலி என்று முதலில் பார்த்து அந்தக் கொட்டைகளைக் குழியின் விளிம்புக்குத் தள்ளிவைத்துவிட்டு, பிறகு அவற்றை மட்டும் நகர்த்துங்கள்.

7 கொட்டைகளை 1 முதல் 7 வரை நெருக்கமாக வையுங்கள். இது ஒரு ஜாம். முதல் தடவை ஒன்றுதான் நகரும், அடுத்த தடவை இரண்டு, பிறகு மூன்று. ஆறு தடவைக்குள் எல்லாம் ஒன்றுவிட்டு ஒன்றாகப் பரவிவிடும். ஏழாவது தடவையிலிருந்து ஏழும் தடையில்லாமல் ஓடும். ஜாம் தானே கரைந்துவிட்டது.

இப்போது 9 கொட்டைகளை 1 முதல் 9 வரை வையுங்கள். ஐந்து தடவை நகர்த்தியதும் 14, 1, 2, 3, 4 ஆகிய ஐந்து குழிகள் தொடர்ந்து நிரம்பியிருக்கும். ஆறாவது தடவைக்குப் பிறகு 13, 14, 1, 2, 3. ஏழாவதற்குப் பிறகு 12, 13, 14, 1, 2. கொட்டைகள் முன்னோக்கித்தான் போகின்றன, ஐந்து குழி ஜாமோ தடவைக்கு ஒரு குழி வீதம் பின்னோக்கிப் போகிறது. எத்தனை மணி நேரம் ஆடினாலும் அது கரையாது.

ஒவ்வொரு தடவையும் எத்தனை கொட்டை நகர்கிறது என்றும் எண்ணிப் பாருங்கள். 5 கொட்டை போட்டால் ஐந்து நகரும். 7 போட்டால் ஏழு. 9 போட்டால், முதல் சில தடவைகள் போனபின், ஐந்துதான். 11 போட்டால் மூன்று. 14 போட்டால் ஒன்றும் இல்லை. வண்டியைக் கூட்டக் கூட்டப் பயணம் கூடுகிறது; ஓர் எல்லைக்கு மேல் கூட்டினால் குறைகிறது.

இதில் எல்லோரும் செய்யும் ஒரு தவறு உண்டு. முன்னாலுள்ள கொட்டையை நகர்த்திய கையோடு, அது விட்ட குழியில் பின்னதைப் போட்டுவிடுவார்கள். அப்படிச் செய்தால் மொத்த வரிசையும் ரயில் பெட்டி மாதிரி சேர்ந்து நகரும்; ஜாமே வராது. இந்தத் தவறில்தான் விஷயம் இருக்கிறது. ரயில் பெட்டிகள் கொக்கியால் இணைந்தவை, அவற்றுக்கு எதிர்வினை நேரம் கிடையாது. 'முன்னது போனதை அடுத்த தடவைதான் கவனிப்பேன்' என்கிற விதி, மனிதனின் ஒரு நொடித் தாமதம். அதை எடுத்துவிட்டால் அலையும் போய்விடும்.

காய் விளையாட்டு என்று எண்ண வேண்டாம். ஜெர்மனியில் கை நாகல், மைக்கேல் ஷ்ரெக்கென்பெர்க் என்ற இருவர் 1992-ல் வெளியிட்ட கணினி மாதிரி இதன் அண்ணன்தான். சாலையை 7.5 மீட்டர் கட்டங்களாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு அடியும் ஒரு நொடி. வண்டிகளுக்குப் பலவித வேகம் கொடுத்தார்கள். கூடவே, அவ்வப்போது எந்தக் காரணமும் இல்லாமல் ஒரு வண்டி கொஞ்சம் வேகம் குறையும் என்று தாயம் உருட்டுகிற மாதிரி ஒரு விதியும் சேர்த்தார்கள். அந்தக் கடைசி விதியால், சீராக ஓடிக்கொண்டிருந்த வரிசையிலும் ஜாம் தானாகப் பிறந்தது.

மூன்று அளவுகள்

இதுவரை பார்த்ததற்கு இப்போது பெயர் வைக்கலாம். ஒரு கிலோமீட்டர் நீளத் தடத்தில் உள்ள வண்டிகளின் எண்ணிக்கை அடர்த்தி. ஓரிடத்தில் நின்று பார்த்தால் ஒரு மணி நேரத்தில் கடக்கும் வண்டிகளின் எண்ணிக்கை ஓட்டம். மூன்றாவது, வேகம். அடர்த்தியை வேகத்தால் பெருக்கினால் ஓட்டம் கிடைக்கும்.

ஒரு தடத்துக்கு மாதிரிக் கணக்கு போடுவோம். கிலோமீட்டருக்கு 20 கார், வேகம் 80 என்றால் ஓட்டம் மணிக்கு 1600. 40 கார் ஆகும்போது வேகம் 45-க்கு விழுந்தாலும் ஓட்டம் 1800. 80 கார் நெருக்கினால் வேகம் 15, ஓட்டம் 1200-தான். 140 கார் என்றால் காருக்கு 7 மீட்டர், அதாவது முட்டி நிற்கிறார்கள், ஓட்டம் பூஜ்யம். ஓட்டம் உச்சத்தைத் தொடும் அடர்த்திக்கு வரம்பு அடர்த்தி என்று பெயர். பல்லாங்குழியில் அது 7 கொட்டை. வரம்புக்கு முன்னால் அசைவுகள் அடங்கும், பின்னால் பெருகும்.

அலையின் வேகமும் இதிலிருந்தே வரும். இரண்டு பகுதிகளின் ஓட்டங்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தை அடர்த்திகளின் வித்தியாசத்தால் வகுத்தால் போதும். 1200-லிருந்து 1800-ஐக் கழித்தால் கழித்தல் 600. 80-லிருந்து 40 போனால் 40. விடை கழித்தல் 15. மணிக்கு 15 கிலோமீட்டர், பின்னோக்கி. முட்டி நிற்கும் வரிசை கிளம்புவதற்கு இதே கணக்கைப் போட்டால் 18 வரும்; சிக்னலில் கைக்கணக்காகக் கண்ட 17-க்குப் பக்கத்தில்.

இந்த வகுத்தல் 1955-ல் ஜேம்ஸ் லைட்ஹில், ஜெரால்ட் விட்டம் இருவரும் எழுதிய கட்டுரையிலிருந்து வருகிறது; அடுத்த ஆண்டு பால் ரிச்சர்ட்ஸ் தனியாக அதையே கண்டார். லைட்ஹில்லும் விட்டமும் சேர்ந்தாற்போல இரண்டு கட்டுரை எழுதினார்கள்: முதலாவது நீண்ட ஆறுகளில் வெள்ளம் நகர்வது பற்றி, இரண்டாவதுதான் நெரிசலான சாலை பற்றி. ஒரே கணிதம், எதிரெதிர் விளைவு. ஓடுகிற ஆற்றில் கூடுதலாகத் தண்ணீர் திறந்தால் வெள்ள அலை தண்ணீரைவிட வேகமாகக் கீழே ஓடும், ஏனென்றால் ஆழம் கூடினால் ஆறு வேகம் பிடிக்கும். சாலையில் கூட்டம் கூடினால் வேகம் செத்துப்போகும். அதனால் அலை திரும்பி நம்மை நோக்கி வருகிறது.

சுருக்கம்: எதிர்வினைத் தாமதம் ஒன்று, வரம்பைத் தாண்டிய அடர்த்தி ஒன்று. இரண்டும் சேர்ந்தால் போதும், விபத்து வேண்டியதில்லை.

பால்வழியின் கைகள்

நகர வெளிச்சம் எட்டாத கொடைக்கானல் மலைப் பக்கம் ஏப்ரல், மே விடியற்காலையில் தெற்கே பார்த்தால், நாம் இருக்கும் விண்மீன் மண்டலமான பால்வழி புகைப்படலம் மாதிரி கிடக்கும். அதற்கு உள்ளிருந்து பார்ப்பதால் நமக்கு வடிவம் தெரிவதில்லை. இது சுருள் கைகள் கொண்ட தட்டு. இந்தக் கைகளில் ஒரு புதிர் இருந்தது.

சூரியன் நொடிக்கு ஏறத்தாழ 220 கிலோமீட்டரில் மையத்தைச் சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 20 கோடி ஆண்டுகளுக்கும் மேல். பிறந்ததிலிருந்து இருபது சுற்று வந்திருக்கும். உள்ளே இருக்கும் விண்மீன்களுக்குச் சுற்று சிறிது, சீக்கிரம் முடிக்கும். வெளியே இருப்பவை பின்தங்கும். கை என்பது அதே விண்மீன்கள் சேர்ந்த ஒரு கூட்டம் என்றால், சில சுற்றுகளிலேயே பம்பரத்தில் சாட்டை சுற்றிய மாதிரி இறுகிப்போயிருக்க வேண்டும். அப்படி இறுகாமல் இருக்கின்றனவே?

1964-ல் சி. சி. லின், ஃபிராங்க் ஷூ இருவரும் சொன்ன விடை: கை ஒரு பொருள் அல்ல, அடர்த்தி அலை. விண்மீன்களும் வாயுவும் அதற்குள் வருகின்றன, நெருங்குகின்றன, வெளியே போகின்றன. உள்ளே நெருக்கப்படும் வாயுவிலிருந்து புது விண்மீன்கள் பிறக்கும். அவற்றில் மிகப் பெரியவை நீலமாகக் கொழுந்துவிட்டு எரிந்து ஒரு கோடி ஆண்டுக்குள் அழிந்துவிடும். கையைத் தாண்டித் தூரம் போக அவற்றுக்கு ஆயுள் இல்லை. அதனால்தான் கைகள் பளிச்சென்று தெரிகின்றன. இரவில் மேலிருந்து மேலூர் சாலையைப் பார்த்தால் பிரேக் விளக்குச் சிவப்புத் திட்டுதான் ஜாமைக் காட்டிக்கொடுக்கும்; வெளியே வந்ததும் அந்த விளக்கு அணைந்துவிடும். அங்கே நீலம், இங்கே சிவப்பு.

உவமையை இதற்கு மேல் இழுக்கக் கூடாது. விண்மீனுக்குப் பிரேக்கும் இல்லை, தாமதமும் இல்லை. அங்கே நெருக்குவது ஈர்ப்பு விசை. அலை எதிர்த் திசையில் வராது. விண்மீன்கள் போகிற திசையிலேயே, வேறு வேகத்தில் சுற்றும். நீண்டகாலம் நிலைக்கும் ஒரே அலையா, தோன்றிக் கரைந்து மறுபடி தோன்றும் கைகளா என்ற விவாதமும் முடிந்தபாடில்லை. கணினி மாதிரிகளில் இரண்டும் வருகின்றன.

இணையத்திலும் ஒரு நாள்

1986 அக்டோபரில் அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே தரவு போகும் வேகம் நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டுக்கு விழுந்தது. இரண்டுக்கும் இடையே தூரம் 400 கஜம்தான். தரவு சின்னச் சின்னப் பொட்டலங்களாகப் பிரிந்துதான் போகும். ஒரு பொட்டலம் வழியில் தொலைந்தால் கணினி உடனே மறுபடி அனுப்பும். நெரிசலில் இன்னும் அதிகம் தொலையும். இன்னும் அதிகம் அனுப்பும். கம்பி முழுக்கப் பொட்டலம் நிரம்பியிருந்தும் போய்ச்சேர்வது ஏறக்குறைய எதுவுமில்லை. 14 குழியிலும் கொட்டை போட்ட கதை.

வான் ஜேக்கப்சன் 1988-ல் வெளியிட்ட தீர்வு எளிமையானது. மெதுவாகத் தொடங்கு, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு, பொட்டலம் தொலைந்தால் அனுப்பும் அளவை உடனே குறை. கம்பியை அகலமாக்கவில்லை, அனுப்புகிறவனின் பழக்கத்தை மாற்றினார். இன்றும் உங்கள் போனில் ஓடுவது அதன் வாரிசுகள்தான்.

எறும்புக்கும் இது தெரியும் போலிருக்கிறது. அர்ஜென்டினா எறும்புகளைச் சின்னப் பாலங்களில் ஓடவிட்டுப் பார்த்த ஆய்வு 2019-ல் வந்தது. பாலத்தின் பரப்பில் 80 சதவீதம் எறும்பால் நிரம்பியபோதும் ஓட்டம் குறையவில்லை. கூட்டம் மிகுந்தால் புதிதாக வருபவை பாலத்தில் ஏறாமல் நின்றுகொண்டன. பொங்கல் முடிந்து நாம் ஒருவரும் அப்படி ஊரிலேயே நின்றுகொள்வதில்லை.

ஒரே ஒரு வண்டி

ஜப்பான் சோதனையை அமெரிக்காவின் டூசானில் 2016-ல் 260 மீட்டர் வட்டத்தில் மறுபடி செய்தார்கள். இம்முறை 20-க்குச் சற்று மேற்பட்ட கார்களில் ஒன்றின் வேகத்தை மட்டும் ஒரு கட்டுப்பாட்டு நிரல் கவனித்துக்கொண்டது. அது முன் காரை விரட்டிப் பிடிக்காது; வரிசையின் சராசரி வேகத்திலேயே போய், முன்னால் வரும் நிறுத்தத்தைத் தன் இடைவெளியால் விழுங்கிவிடும். அந்த ஒற்றைக் கார் அலையைத் தணித்தது, மொத்த எரிபொருள் செலவு 40 சதவீதம் வரை குறைந்தது. 2022 நவம்பரில் நாஷ்வில் அருகே உண்மையான நெடுஞ்சாலையில் 100 கார்களை வைத்து இதே கருத்தைப் பெரிய அளவில் சோதித்தார்கள்.

அந்த நிரல் செய்ததில் பெரும்பகுதியை மனிதக் காலும் செய்யும். முன் வண்டி ஒரு கிலோமீட்டர் கல்லையோ விளக்குக் கம்பத்தையோ தாண்டும்போது 'ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு' என்று சொல்லுங்கள். சொல்லி முடித்தபின் நீங்கள் அதைத் தாண்டினால் இரண்டு நொடி இடைவெளி இருக்கிறது. 60 கிலோமீட்டரில் அது 33 மீட்டர். மேலே கணக்கில் வந்த அதே 33. பஸ், லாரிக்கு காற்றுப் பிரேக் பிடிக்க எடுக்கும் நேரமும் எடையும் சேர்ந்து மூன்று நான்கு நொடி வேண்டும். முன் காரின் விளக்கை மட்டும் பார்க்காமல், அதன் கண்ணாடி வழியே அதற்கு முந்திய வண்டியையும் பார்த்துக்கொண்டால் உங்கள் எதிர்வினைக்கு ஒரு நொடி உபரியாகக் கிடைக்கும்.

இங்கே நம் ஊர்க்காரர் உடனே கேட்பார்: "33 மீட்டர் விட்டா மூணு பைக்கும் ஒரு ஆட்டோவும் உள்ள பூந்துருமே?" புகும். அப்போது செய்யும் தவறு, இழந்த இடைவெளியை உடனே மீட்கப் பிரேக்கை மிதிப்பது. அதுவே புதிய அலையின் விதை. காலை மட்டும் எடுங்கள். கொஞ்ச நேரத்தில் இடைவெளி தானே திரும்பிவிடும். ஒரு பைக்கால் நீங்கள் இழப்பது ஓரிரு நொடிதான். மறுபக்கம், பயத்தில் நூறு மீட்டர் விட்டு ஓட்டினாலும் சாலையின் கொள்ளளவு வீணாகிறது. அதுவும் சேவை இல்லை.

ஊர்ந்து நிற்கும் கட்டத்தில் முன்னவர் பாய்ந்தால் நீங்களும் பாய்ந்து உடனே நிற்க வேண்டாம். முதல் கியரில், ஆக்சிலேட்டர் தொடாமல், அவர் நிற்பதற்குள் நீங்கள் போய்ச்சேராத வேகத்தில் உருளுங்கள். ஹாஃப் கிளட்ச்சில் பிடித்துக்கொண்டு ஊர்வது வேண்டாம். கிளட்ச் பிளேட் தேய்ந்து கருகிய வாடை வரும், செலவு உங்களுக்குத்தான்.

நகருக்குள், பெரியார் நிலையத்தைச் சுற்றியோ காளவாசலிலோ, இந்த வித்தையெல்லாம் அதிகம் பலிக்காது. அங்கே கழுத்து நெரிசல். நின்ற வண்டியை எடுத்தால்தான் தீரும்.

கடைசியாக, பலர் கவனிக்காத ஓர் இடம்: ஜாமின் முனை. முன்னால் வழி திறந்துவிட்டது, போனைப் பார்த்துக்கொண்டிருந்த ஓட்டுநர் மூன்று நொடி கழித்துக் கிளம்புகிறார். பின்னால் சேர்கிற வண்டிகள் அதற்காகக் காத்திருப்பதில்லை. முனையில் கழல்வது மெதுவாகி, வாலில் சேர்வது அதே வேகத்தில் நடந்தால் ஜாம் நீள்கிறது. முனை கழலும் வேகம் வால் வளரும் வேகத்தைத் தாண்டினால்தான் அலை கரையும். வழி தெரிந்ததும் முதல் கியரில் உடனே நகர்ந்து, சீராக வேகம் எடுத்து, மறுபடி 'ஆயிரத்து ஒன்று' எண்ணத் தொடங்குங்கள்.